தேவயானியின் கும்பிடு

தேவயானி என்ற பேரை ராசாத்தி முதன்முதலாகக் கேட்டது விக்கிரமங்கலத்தில், மாட்டுத் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில். அவள் வாக்கப்பட்டு அந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய சித்தப்பா அய்யம்பெருமாள், அப்பாவோடு பிறந்த நாலு பேரில் கடைசி ஆள், நடு வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். ஒரு செம்புத் தண்ணியை அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒன் தம்பிக்குப் பொண்ணு பாத்துட்டேன். ஆண்டிமடத்துப் பக்கம். பேரு தேவயானி. மூக்கும் முழியுமா இருக்குது. கைய மட்டும் பாக்காதீங்க."

"ஏன் சித்தப்பா, கையில என்ன?"

"முந்திரி ஒடைக்கிற கை. கறுத்துக் கிடக்கும்."

ராசாத்தியின் தம்பி அழகேசனுக்கு வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே மூணு ஏக்கர் மானாவாரி. கடலை போடுவான், கம்பு போடுவான். அவர்கள் பக்கத்தில் அப்போது முந்திரி வேலை கிடையாது. அதனால் முந்திரி உடைக்கிறவர்களின் கையை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்று பார்த்தார்கள். உள்ளங்கை இரண்டும் சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தன. கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கும். அது பட்ட இடம் முதலில் எரியும், பிறகு தோல் உரியும், கடைசியில் கறுத்துத் தடித்துவிடும். தேவயானிக்குப் பத்து வயதிலிருந்தே அந்த வேலை.

ஆனால் அந்தக் கையை அவள் ஒளிக்கவில்லை. வந்தவர்களில் ஒருத்தர் விடாமல் கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவைக் கும்பிட்டாள், அப்பாவைக் கும்பிட்டாள், இடுப்பில் கிடந்த ராசாத்தியின் பிள்ளையைக் கும்பிட்டாள், வேடிக்கை பார்க்க எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவரையும் கும்பிட்டாள். திரும்பி வரும்போது ராசாத்தியின் அம்மா சொன்னாள்: "கை கறுப்புத்தான். கும்பிடு வெளுப்பு. பேசி முடிச்சிடுங்க."

அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம். அழகேசன் முதல் முடிச்சுப் போட, மிச்சத்தை நாத்தனார் முறைக்கு ராசாத்திதான் போட்டாள்.

வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வரதராஜன்பேட்டையில் புதிதாகத் திறந்த ஒரு முந்திரிக் கொட்டகையில் தேவயானி வேலை பிடித்துக்கொண்டாள். வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்தி, இரும்புத் தடியால் ஒரே தட்டு. ஓடு பிளந்து பருப்பு முழுசாக விழும். பலமாகத் தட்டினால் பருப்பு குருணையாகிவிடும், மெதுவாகத் தட்டினால் எண்ணெய் கண்ணில் தெறிக்கும். ஒவ்வொரு பிடிக்கும் கையைச் சாம்பலில் புரட்டிக்கொள்வாள். கொட்டகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் அவள் கதை சொல்லிக்கொண்டே தட்டுவாள். அவள் தட்டில் குருணை கிடையாது என்று முதலாளியே சொல்வார்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் மணிமாறன், திருப்பூரில் தையல் கம்பெனியில் இருக்கிறான். இளையவள் பானுப்ரியா. ராசாத்தியின் அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா படுத்த படுக்கையாக ஒன்றரை வருஷம் கிடந்தாள். குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டி எல்லாம் செய்தது தேவயானிதான். மருமகள் கை சொரசொரவென்று இருக்கிறதே, உறுத்தலையா என்று யாரோ கேட்டதற்கு, "முதுகு அரிக்கும்போது இந்தக் கைதான்டி சொகம்" என்றாளாம் அம்மா.

பெத்தவர்கள் போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பொறந்த வூடு என்பது தம்பி பெண்டாட்டியின் கையில் இருக்கிறது. அவள் "வாங்க" என்றால் வூடு, முகத்தைத் திருப்பினால் வெறும் சுவர். ராசாத்திக்கு அந்தக் குறை இருந்ததில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் தேவயானியும் அழகேசனும் விக்கிரமங்கலத்துக்குச் சீர் கொண்டு வருவார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், அதோடு ஒரு டப்பா முழு முந்திரி. தெருவே பார்க்க அந்தக் கரும்பை வாசலில் சாய்த்து வைப்பது ராசாத்திக்கு ஒரு பெருமை.

இருக்கட்டும். நாற்பத்தஞ்சு வயதுக்கு மேல் தேவயானி இளைத்தாள். தண்ணி தண்ணி என்று குடித்தாள். வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்றார்கள் கொட்டகையில். கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். ஓட்டுப் புகை கண்ணுக்கு ஆகாது என்றார்கள். காலில் பட்ட கீறல் ஆற இரண்டு மாதம் ஆனது. கொட்டை எண்ணெய் பட்டிருக்கும் என்றார்கள். விரல்கள் மெல்ல மெல்ல மடங்கி நின்றன, நீட்டினால் முழுசாக நீளவில்லை, மேல்தோல் மெழுகு பூசியது போல இறுகியது. அதற்கும் அதே எண்ணெய்தான் என்றார்கள். முந்திரிக்காரிக்கு எது வந்தாலும் முந்திரியால் வந்தது. அவளே அப்படித்தான் நினைத்தாள். விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனாள். மூணு கரண்டி சக்கரை போட்ட டீயை மூணு வேளையும் குடித்தாள்.

கொரோனா அடங்கிக் கல்யாண மண்டபங்கள் திறந்த வருஷம் பானுப்ரியாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை திருமுருகன், பெரம்பலூர்ப் பக்கம், மக்காச்சோளம் போடுகிற குடும்பம். அழகேசன் குடும்பத்தில் நலங்கு வைக்கிற முதல் கை அத்தையின் கைதான். அதனால் முதல் பத்திரிகை ராசாத்தி வீட்டுக்குத்தான் வந்தது.

ராசாத்தியின் வீட்டுக்காரர் மணிவேல் சொக்கத் தங்கம், மரியாதை விஷயத்தைத் தவிர. ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை இவருக்கு ரெண்டாவதாக ஊற்றினார்கள் என்று எழுந்து வந்தவர். அன்றைக்கு அவருடைய பங்காளிகள் மூணு பேர் வேறு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அழகேசன் பத்திரிகையை வெத்தலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். தம்பதியாக நின்று அதைக் கையில் நீட்ட வேண்டும், இவர் எழுந்து வாங்க வேண்டும், பிறகு கும்பிட்டு அழைக்க வேண்டும். அதுதான் முறை.

தேவயானி தாம்பாளத்தை நீட்டவில்லை. குனிந்து அவர் காலடியில் தரையில் வைத்தாள். பிறகு கையைக் கூப்பினாள். கூப்பினாளா என்றால், விரல் நுனி நாலு மட்டும் தொட்டன. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் போகும் அளவுக்கு இடைவெளி. வாய் மட்டும், "அவசியம் வந்துடணும் அண்ணே" என்றது.

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மணிவேலுக்கு முகம் சிவந்தது. தம்பியும் பெண்டாட்டியும் தெரு முனைக்குப் போவதற்குள் ஆரம்பித்தார்.

"கொரோனாவுக்கு ஊரு ஒலகமே கும்பிடு கும்பிடுன்னு டி.வி.யில கத்துது. ஒன் தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் கும்பிட்டா கொறைஞ்சு போயிடுமா? நாய்க்கு வைக்கிற மாதிரி தட்டைக் கீழ வச்சுட்டுப் போறா!"

"அவ அப்படிப்பட்டவ இல்லீங்க."

"பெரம்பலூர் சம்பந்தி வந்ததும் நாம சின்னதாப் போயிட்டோம். கை காட்டிக் குடுத்துடுச்சு பாத்தியா?"

ராசாத்தியும் பார்த்தாள்தான். அந்தப் பெண் கையைக் கூப்பாமல் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது தெரிந்ததாலேயே அது அவளையும் தைத்தது. கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டு, "என்னடி, கைக்கு என்ன?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. மணிவேல் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்றார். அவளும் போகவில்லை. நலங்கு வைக்க அத்தை வருவாள் என்று முகூர்த்தம் நெருங்கும் வரை காத்திருந்து, கடைசியில் சித்தி முறையில் ஒருத்தியை வைத்து முடித்தார்களாம். மறுநாள் அழகேசன் போனில், "நீ வரலக்கா. சரி" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அந்தத் தைக்குச் சீர் வரவில்லை. அடுத்த தைக்கும் வரவில்லை. தெருவில் மற்ற வீட்டு வாசல்களில் கரும்பு சாய்ந்து நின்றது. ராசாத்தி கடையில் ஒரு கட்டு வாங்கி வந்து, தானே சாய்த்து வைத்து, பிறகு வெட்கப்பட்டு உள்ளே எடுத்துப் போட்டாள். பொறந்த வூடு போனது போனதுதான் என்று நினைத்தாள்.

அதற்குள் மணிவேலுக்குச் சக்கரை வியாதி வந்தது. மாதம் ஒரு தடவை அரியலூர் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்க இருவரும் போவார்கள். ரெண்டாவது வருஷம் புரட்டாசியில் புதுசாக ஒரு டாக்டரம்மா இருந்தாள். பேர் சத்யா. சின்ன வயசு. காலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பிறகு, "ஐயா, ஒரு கும்பிடு போடுங்க" என்றாள்.

மணிவேல் நிமிர்ந்தார். "ஏம்மா, டாக்டர்னா கும்புடணுமா?"

"எனக்கு வேணாங்க. ரெண்டு உள்ளங்கையும் சேருதான்னு பாக்கணும். நல்லா அமுக்கிக் காட்டுங்க."

காட்டினார். டாக்டரம்மா பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். "நல்லா ஒட்டுது. நடுவுல சந்து இல்ல."

"சந்து இருந்தா?"

"சில பேருக்கு எவ்வளவு அமுக்குனாலும் சேராதுங்க. பந்தப் புடிச்ச மாதிரி நிக்கும். கையில ஒரு சாமானக் குடுத்தா கெட்டியாப் புடிக்க வராது. சக்கரை பல வருசம் கூடுதலா ஓடுனா, சும்மா ரத்தத்தோட போயிடாது. ஒடம்புல இருக்குற புரதத்துல போயி ஒட்டிக்கும். வெரல மடக்கி நீட்டுற நாரு, தோலு எல்லாம் புரதம்தான். அதுல சக்கரை ஏறி, ஒரு நாரோட இன்னொரு நாரு பின்னிக்கிட்டா, அப்புறம் அது நீளாது, வளையாது."

மணிவேல் கையைக் கூப்பியபடியே இருந்தார். "அப்ப அவங்க... வேணும்னு பண்றது இல்லையா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கும்புடாம இருக்கணும்னு யாராச்சும் சக்கரைய வாங்கிக்குவாங்களா?"

 ராசாத்தியின் கண்ணுக்கு முன்னால் தாம்பாளம் தரையில் இருந்தது.  விக்கிரமங்கலத்தில் இறங்கி, வீட்டுக்குப் பாதி தூரம் நடந்த பிறகு மணிவேல் சொன்னார்: "நாளைக்கு ஒன் தம்பி வூட்டுக்குப் போயிட்டு வா."

"நீங்க?"

"நான் எந்த மூஞ்சியோட வர்றது?"

மறுநாள் ராசாத்தி ஜெயங்கொண்டம் போய், பஸ் மாறி வரதராஜன்பேட்டையில் இறங்கினாள். தம்பியை நேருக்கு நேர் பார்க்கத் தைரியம் இல்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். தேவயானி கொட்டையை உடைக்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து ஓட்டைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தடி பிடிக்க வரவில்லை என்று ஆறு மாதமாக அந்த வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

ராசாத்தியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அடையாளம் தெரிய நேரம் ஆனது.

"வாங்கண்ணி. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆவுது. இப்பத்தான் பஸ் கெடைச்சுதா?"

ராசாத்தி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். "கையக் காட்டு தேவயானி" என்றாள்.

"கையில என்ன இருக்கு? கொட்டை எண்ணெய். சின்ன வயசுலேர்ந்து இதே கைதான்."

"சேத்துக் காட்டு."

"ஓஹோ, அண்ணன் அனுப்பிச்சாரா? அன்னிக்குக் கும்புட்டது பத்தலையாமா?" "தட்டு கையில நிக்கல அண்ணி. வெத்தலையோட வுழுந்தா அபசகுனம்னு கீழ வச்சேன். தெருவ விட்டுப் போறதுக்குள்ள அவரு பேசுனது என் காதுல வுழுந்துச்சு."

இது ராசாத்திக்குத் தெரியாது.  கொட்டகையில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். ராசாத்தி அந்தப் பக்கம் திரும்பி, "தாயிங்களா, எல்லாரும் ஒரு தடவ கையக் கூப்பிக் காட்டுங்க" என்றாள்.

வரிசையில் மூத்தவள் ஆண்டாயி. வாய்த் துடுக்கு. "என்னக்கா, எலெக்சனா? ஓட்டுக் கேக்க வந்தா நீதான் எங்களக் கும்புடணும்" என்றாள். சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள். பன்னிரண்டு ஜோடிக் கறுத்த கைகள். சாம்பல் அப்பிய கைகள், தோல் உரிந்த கைகள், நகம் போன கைகள். எல்லாம் காகிதம் நுழையாமல் ஒட்டின.

ஆண்டாயிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "நாப்பது வருசமா ஒடைக்கிறேன். என் கை சேருதேடி தேவயானி."

தேவயானி தன் கையைத் தூக்கினாள். அமுக்கினாள். முழங்கை நடுங்கும் வரை அமுக்கினாள். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

சக்கரை பார்க்க வேண்டும் என்றால் அரியலூருக்குப் போக வேண்டும். தேவயானி ரெண்டு நாள் தவணை கேட்டாள். பரீட்சைக்குப் படிக்காமல் யாராவது போவார்களா என்று ஆண்டாயி யோசனை சொல்லியிருக்கிறாள். அந்த ரெண்டு நாளும் சோறில்லை. பாகற்காய்ச் சாறும், பழைய சோற்றை வடித்தெடுத்த நீச்சத் தண்ணியும்தான். ஊசி குத்திப் பார்த்ததில் நூற்றி இருபத்திநாலு வந்தது. "பாத்தீங்களா அண்ணி, ஒண்ணுமில்ல" என்று தேவயானி மயங்காத குறையாகச் சிரித்தாள்.

டாக்டர் சத்யா அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தாள். "நேத்து என்ன சாப்புட்டீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"முந்தாநாளு?"

தேவயானி ராசாத்தியைப் பார்த்தாள். டாக்டர் வேறொரு ரத்தம் எழுதிக் கொடுத்தாள். மூணு மாசச் சக்கரை. சாயங்காலம் வந்தது, பதினொண்ணு புள்ளி ஒன்பது. ஆறுக்குக் கீழே இருக்க வேண்டியது.

"ரெண்டு நாள் பட்டினி கெடந்தா இன்னிக்கு ஓடுற சக்கரை எறங்கும். ஆனா ரத்தத்துக்குச் செவப்பு குடுக்குற ஒரு புரதம் இருக்கு. அதுலயும் சக்கரை ஒட்டும். அந்தச் செவப்பணு மூணு நாலு மாசம் உசுரோட சுத்தும். அது சாவுற வரைக்கும் ஒட்டுனது ஒட்டுனதுதான். பட்டினிக்கு அது எறங்காது."

தேவயானி மடங்கிய விரல்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "முந்திரி மிட்டாய் மாதிரியாம்மா?" என்றாள்.

"எப்படி?"

"பருப்பு தனித்தனியாத்தான் இருக்கும். பாகு ஊத்துனா ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கும். ஆறுனப்புறம் பிரிச்சா பருப்புதான் ஒடையும், பாகு வுடாது."

"அதேதான்" என்றாள் டாக்டர். தான் ஒரு வருஷமாக இதைச் சொல்ல வேறு என்னென்னவோ உதாரணம் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். "ரத்தத்துல இருக்குறது பரவாயில்ல. புது அணு வந்துக்கிட்டே இருக்கும், சக்கரையக் கொறைச்சா அது பாகு இல்லாம வரும். கையில இருக்குற நாரு பழசு. சீக்கிரம் புதுசாவாது. பயிற்சி பண்ணா கொஞ்சம் எளகும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். அதவிட முக்கியம் கண்ணு."

கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிந்திருந்தன. வலது கண்ணைக் காப்பாற்றலாம். இடது கண் பாதிக்கு மேல் போய்விட்டது. "ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா?" என்று ராசாத்தி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். டாக்டரம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. "இவ்வளவு போயிருக்காது" என்றாள்.

அன்றைக்கு ராசாத்தி தம்பி வீட்டுக்குப் போய் நின்றாள். அழகேசன் வேலியில் முள் கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் சொன்னாள். தான் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையையும் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் முள்ளைக் கீழே போட்டுவிட்டு, "நீ ஒரு நாளு பாத்த. நான் தெனம் அந்தக் கையால சோறு வாங்கித் தின்னேங்க்கா" என்றான். பிறகு, "மாமா பேசுனது வேற. அத நான் மறக்கல" என்றான்.

கண்ணுக்கு லேசர் வைக்கத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏற மூணு பேரும் போனபோது, டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் மணிவேல் நாலு டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை முறைக்காரர் கூப்பிடாமல் வந்து நிற்பது அவர் பரம்பரையில் அதுதான் முதல் தடவை. அழகேசன் "வாங்க" என்று சொல்லவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவயானிதான், "வாங்கண்ணே. மாத்திரை ஒழுங்கா சாப்புடுறீங்களா?" என்றாள்.

 மன்னிப்பு என்ற வார்த்தையை மணிவேல் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. "அந்தத் தட்ட நான் குனிஞ்சு எடுத்திருக்கணும்" என்றார்.

"எடுத்திருந்தா இடுப்பு புடிச்சிருக்கும்ண்ணே ஒங்களுக்கு" என்றாள் அவள். ராசாத்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ரயிலில் அழகேசன் தள்ளிப்போய் வேறு சீட்டில் உட்கார்ந்தான். டீக்காரன் வந்ததும் மணிவேல் நாலு டீ வாங்கினார், மூணு சக்கரை இல்லாமல், ஒன்று சக்கரை போட்டு. சக்கரை போட்டதை எடுத்துக்கொண்டு, ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து மச்சானிடம் நீட்டினார். அழகேசன் வாங்கலாமா என்று யோசித்தான். டீ தளும்பி மாமாவின் கையில் ஊற்றியது. வாங்கிக்கொண்டான். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அந்தத் தைக்கு அழகேசன் மட்டும் சீர் கொண்டு வந்தான். கரும்பு, மஞ்சள், அரிசி. வெல்லம் இல்லை. "இந்த வூட்டுக்கும் ஆவாது, அந்த வூட்டுக்கும் ஆவாது" என்றான். பழைய கலகலப்பு இல்லைதான். மாமனும் மச்சானும் இன்னும் எண்ணி எண்ணித்தான் பேசுகிறார்கள். ஆனால் வாசலில் கரும்பு சாய்ந்து நின்றது, ராசாத்தி அதை உள்ளே எடுத்துப் போடவில்லை.

பானுப்ரியா பெரம்பலூருக்கு வந்துவிடச் சொல்லித் தாயை நச்சரித்தாள். தேவயானி போகவில்லை. இப்போது அவளுக்கு அம்பத்திரண்டு வயது. வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே தன் வீட்டில்தான் இருக்கிறாள். கொட்டகை வேலையை விட்டுவிட்டாள். காலையில் வெந்நீரில் கையை வைத்து விரலை நீட்டி மடக்குகிறாள், கம்பஞ்சோறு சாப்பிடுகிறாள், நாலு ஆடு மேய்க்கிறாள். இடது கண் பாதிக்கு மேல் தெரியாது, வலது கண் தெரிகிறது. மூணு மாதத்துக்கு ஒரு தடவை ராசாத்தி வந்து அவளை அரியலூருக்குக் கூட்டிப் போய் ரத்தம் கொடுக்க வைக்கிறாள். போன தடவை ஏழு புள்ளி ஆறு. ஒவ்வொரு தடவையும் ராத்திரி ராசாத்தி தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள்.